க்வெரி எடிட்டர் சொதப்பும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்வதும், யோசனை எழுதி அனுப்புவதும்

க்வெரி எடிட்டர் என்பது டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல் மொழியில் கட்டளை (க்வெரி) எழுதி ஓட்டும் கருவி. எஸ்எஸ்எம்எஸ் (எஸ்க்யூஎல் சர்வருக்கானது), டிபீவர், மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச், பிஜிஅட்மின், ஆரக்கிள் எஸ்க்யூஎல் டெவலப்பர் என்று எதைத் திறந்து வைத்திருந்தாலும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு விஷயம் சொல்கிறேன். இன்றைக்குத் தப்பிக்க என்ன செய்வது என்பது ஒன்று. அந்தக் கருவியை உருவாக்குகிறவர்களுக்கு என்ன எழுதி அனுப்பலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதை நாம் பெரும்பாலும் செய்வதே இல்லை. "நான்தான் கவனிக்கவில்லை" என்று பழியை நம் தலையில் போட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

எந்த வரி ஓடப்போகிறது, எந்த சர்வரில் ஓடப்போகிறது, ஓடி முடிந்ததில் எவ்வளவு நம் கண்ணுக்கு வந்திருக்கிறது: இந்த மூன்றில் ஒன்று திரையில் தெரியாமல் போகும்போதுதான் பெரும்பாலும் கை தவறுகிறது. அதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நான் ஓட்டியது ஒன்று, ஓடியது வேறொன்று"

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். டேபிளில் உள்ள மதிப்பை மாற்றும் அப்டேட் கட்டளை, நாலு வரி. மவுஸால் இழுத்தபோது முதல் மூன்று வரி மட்டும் தேர்வாகியிருந்தது. எந்த வரிசைகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை நாலாவது வரியில் தனியாக நின்றது. ஓட்டிவிட்டேன். எத்தனை வரிசைகள் மாறின என்று கீழே வந்த எண், டேபிளில் இருந்த மொத்த வரிசைகளின் எண்ணிக்கை. பேக்கப் இருந்ததால் டேட்டா தப்பியது. அன்றைய தூக்கம் தப்பவில்லை.

காரணம் எளியது. பெரும்பாலான எடிட்டர்களில் எழுத்து ஏதாவது தேர்வாகியிருந்தால் அது மட்டும் ஓடும். தேர்வு இல்லையென்றால் என்ன ஓடும் என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி. எஸ்எஸ்எம்எஸ்ஸில் எஃப்5 அழுத்தினால் விண்டோவில் உள்ள எல்லாமே ஓடும். எஸ்க்யூஎல் டெவலப்பரில் கண்ட்ரோல்-என்டர் கர்சர் இருக்கும் ஸ்டேட்மென்ட்டை, அதாவது அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டும். எஃப்5 முழு ஸ்கிரிப்டையும் ஓட்டும். வொர்க்பெஞ்சில் இரண்டு மின்னல் படங்கள் அருகருகே இருக்கின்றன: வெறும் மின்னல் எல்லாவற்றையும் ஓட்டும், கர்சர் வரைந்த மின்னல் ஒரு ஸ்டேட்மென்ட்டை மட்டும். காலையில் ஒரு கருவி, மாலையில் இன்னொரு கருவி என்று மாறுகிறவரின் விரல்கள் குழம்பாமல் என்ன செய்யும்?

டிபீவரில் இன்னொரு பொறி உண்டு. வெற்று வரியையும் ஸ்டேட்மென்ட்டின் முடிவாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு அதில் இருக்கிறது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று புது மதிப்பைச் சொல்லும் செட் பகுதிக்கும் வேர் பகுதிக்கும் நடுவில் ஒரு வரி விட்டிருந்தால், மேல்பாதி மட்டும் தனியாக ஓடிவிட வாய்ப்பு உண்டு. பிரிஃபரன்ஸஸில் எஸ்க்யூஎல் எடிட்டர், அதற்குள் எஸ்க்யூஎல் ப்ராசஸிங் என்று போய் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

பழக்கத்தில் செய்யக்கூடியவை: அப்டேட், டெலீட் எதையும் முதலில் அதே நிபந்தனையோடு, டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யும் செலக்ட்டாக எழுதி, எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள். வேர் பகுதியை முடிந்தவரை செட் இருக்கும் வரியிலேயே எழுதுங்கள். பாதியில் தேர்வு நின்றாலும் நிபந்தனை கூடவே வரும். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ட்ரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, ஓட்டி, எண்ணிக்கையைப் பார்த்த பிறகு கமிட் செய்யுங்கள், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்குங்கள். எண் தப்பென்றால் ரோல்பேக் செய்யுங்கள், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

வொர்க்பெஞ்சில் 1175 என்ற எர்ரர் வந்தால் எரிச்சலடைய வேண்டாம். அது உங்களைக் காப்பாற்ற வந்தது. வேர் இல்லாத அப்டேட்டை மட்டுமல்ல, வரிசையை அடையாளம் காட்டும் கீ நெடுவரிசையைப் பயன்படுத்தாத வேர் உள்ளதையும் அது தடுக்கும். தெரிந்தே செய்கிற வேலை என்றால் அந்த செஷனுக்கு (இணைப்புக்கு) மட்டும் சேஃப் அப்டேட்ஸ் மாறியைப் பூஜ்ஜியமாக்கி, முடிந்ததும் மறுபடி ஒன்றாக்குங்கள். பிரிஃபரன்ஸஸில் போய் நிரந்தரமாக அணைக்க வேண்டாம். (மைஎஸ்க்யூஎல்லின் கட்டளைவரி கருவியில் இதே பாதுகாப்பை இயக்கும் விருப்பத்துக்கு 'ஐ-ஆம்-எ-டம்மி' என்றொரு மாற்றுப்பெயர் அதிகாரபூர்வமாகவே உண்டு. வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.)

இதற்கு யோசனை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "ஓட்டுவதற்கு முன் உறுதிதானா என்று கேட்கட்டும்" என்பது. இது உதவாது. ஒவ்வொரு முறையும் கேட்டால் மூன்றாம் நாள் நம் கை படிக்காமலே சரியை அழுத்தும். இப்படிக் கேளுங்கள்: தேர்வு முடியும் இடத்துக்குப் பிறகும் அதே ஸ்டேட்மென்ட் தொடர்ந்தால், அது அப்டேட்டாகவோ டெலீட்டாகவோ இருந்தால், அப்போது மட்டும் நிறுத்திக் கேட்கட்டும். எப்போதாவது வரும் எச்சரிக்கையைத்தான் மனிதன் படிப்பான். கூடவே, ஓடிய பகுதியின் பின்னணி ஒரு நொடி நிறம் மாறி மறைந்தால் எது ஓடியது என்ற சந்தேகமே இருக்காது.

"க்வெரி சரி, சர்வர்தான் தப்பு"

டெஸ்ட் சர்வர் என்று நினைத்து, உண்மையான பயனர்களின் டேட்டா இருக்கும் ப்ரொடக்‌ஷனில் ஓட்டுவது. பத்து டேப் திறந்திருக்கும். எந்த டேப் எந்த சர்வரோடு பேசுகிறது என்பது திரையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கண் மேலே எடிட்டரில், தகவல் கீழே மூலையில். பிறகு எப்படித் தெரியும்?

முதல் வேலை, நிறம். எஸ்எஸ்எம்எஸ்ஸில் இணைப்புக்கு ஒரு நிறம் தேர்ந்தெடுத்தால் ஸ்டேட்டஸ் பார் அந்த நிறத்துக்கு மாறும். டிபீவரில் இணைப்பின் வகையை ப்ரொடக்‌ஷன் என்று குறித்தால் நிறம் வரும். அந்த வகைக்கே ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையும் தானாகக் கமிட் ஆவதை) அணைக்கவும், ஓட்டும்முன் உறுதி கேட்கவும் அமைக்கலாம்.

இரண்டாவது, சந்தேகம் வந்தால் சர்வரையே கேட்பது. எஸ்க்யூஎல் சர்வரில் சர்வர்நேம் மாறி, மைஎஸ்க்யூஎல்லில் ஹோஸ்ட்நேம் மாறி, போஸ்ட்கிரெஸ்ஸில் ஐநெட் சர்வர் அட்ரஸ் (inet_server_addr) ஃபங்ஷன். ஒரு வரி செலக்ட், இரண்டு நொடி வேலை.

மூன்றாவதுதான் உண்மையான மருந்து. ப்ரொடக்‌ஷனுக்கு அன்றாடம் நுழையும் லாகினுக்குப் படிக்கும் உரிமை மட்டும் இருக்கட்டும். எழுதும் உரிமை உள்ள லாகின் தனியாக, தேவைப்படும்போது மட்டும். எடிட்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

யோசனையாக எழுதும்போது, "நிறம் வேண்டும்" என்று நிறுத்தாதீர்கள். பல கருவிகளில் ஏற்கெனவே இருக்கிறது. குறை எங்கே என்றால், நிறம் கண் இருக்கும் இடத்தில் இல்லை. எடிட்டரின் மேல் விளிம்பில் ஒரு பட்டையாகவோ, வரி எண்கள் நிற்கும் ஓரத்திலோ வர வேண்டும். நிறத்தோடு சொல்லும் வர வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். டேபிளையே அழிக்கும் கட்டளைகளுக்கு, கிட்ஹப்பில் ஒரு ரெப்பாசிட்டரியை அழிக்கும்போது அதன் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்வது போல, டேட்டாபேஸின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லலாம். சரி பொத்தானை அழுத்துகிற விரல் யோசிக்காது. பெயரை எழுதுகிற விரல் கொஞ்சமாவது யோசிக்கும்.

"எனக்கு மாறிவிட்டது, மற்றவர்களுக்குப் பழையதே வருகிறது"

கமிட் ஆகவில்லை. ஆரக்கிளில் நீங்கள் கமிட் செய்யும்வரை மாற்றம் உங்கள் செஷனுக்குள்தான் இருக்கும். எஸ்க்யூஎல் டெவலப்பரில் எஃப்11 கமிட், எஃப்12 ரோல்பேக். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் மூன்றிலும் இயல்பில் ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டும் தானாகக் கமிட் ஆகிவிடும். ஆரக்கிளில் பழகி மைஎஸ்க்யூஎல்லுக்கு வருகிறவருக்கு இதில்தான் முதல் அடி விழும். ரோல்பேக் செய்துகொள்ளலாம் என்று நம்பி ஓட்டுவார். திரும்ப வர எதுவும் இருக்காது. இன்னொன்று: ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் நடுவில் ஒரு கிரியேட் டேபிளோ ஆல்டர் டேபிளோ ஓட்டினால், அதற்கு முன் செய்த மாற்றங்களும் சத்தமில்லாமல் கமிட் ஆகிவிடும்.

இதே நோய்க்கு இன்னொரு அறிகுறி, மற்றவர்களின் க்வெரி எல்லாம் அசையாமல் நிற்பது. யாரோ ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி வியூவில் 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்' என்று நிற்கும் செஷனைத் தேடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் எஸ்பி ஹூ2 ஓட்டி, பிஎல்கே பை நெடுவரிசையில் யார் எண் வருகிறது என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் ஷோ ப்ராசஸ்லிஸ்ட். தேடிக் கண்டுபிடித்த ஆள் பல நேரம் நாமாகவே இருப்போம்.

போஸ்ட்கிரெஸ்ஸில் ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் ஒரு எர்ரர் வந்துவிட்டால், அதன் பிறகு எதை ஓட்டினாலும் 'ட்ரான்ஸாக்‌ஷன் அபார்ட்டட்' என்ற பதிலே வரும். க்வெரியில் தப்பில்லை; ரோல்பேக் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

சேமிக்காத ஃபைலின் டேபில் ஒரு நட்சத்திரம் வருகிறதே, கமிட் செய்யாத டேபிலும் அப்படி ஓர் அடையாளம் வந்தால் என்ன? எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறது என்ற நிமிடக் கணக்கோடு வந்தால் இன்னும் நல்லது. எஸ்எஸ்எம்எஸ் விண்டோவை மூடும்போது கமிட் ஆகாதவை இருப்பதாகக் கேட்கிறது. மூடும்போது சொல்வதை எழுந்து போகும்போதும் சொல்லலாம் அல்லவா?

"எல்லா வரிசையும் வரவில்லை"

வந்தது முழுசு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வொர்க்பெஞ்ச் இயல்பில் 1000 வரிசை என்ற வரம்பைத் தானே சேர்க்கும். டிபீவர் 200 வரிசைகளை எடுத்துவிட்டு நிற்கும். எஸ்க்யூஎல் டெவலப்பர் 50, 50 ஆக எடுக்கும். எஸ்எஸ்எம்எஸ்ஸில் விடையை எழுத்தாக எடுத்தால் ஒரு நெடுவரிசைக்கு 256 எழுத்தோடு வெட்டிவிடும். ஆப்ஷன்ஸில் இதை ஏற்றலாம்.

வரம்பு வைப்பது சரிதான். ஒரு கோடி வரிசையை இழுத்து மெஷினை முடக்குவதைவிட நல்லது. அது தெரிவதில்லை என்பதே சிக்கல். வந்த 200 வரிசையை எக்செலில் ஒட்டிக் கூட்டுத்தொகை போட்டு அறிக்கை அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். சில கருவிகளில் தலைப்பைக் கிளிக் செய்து வரிசைப்படுத்தினால் வந்த வரிசைகளுக்குள் மட்டும் வரிசைப்படும். மேலே நிற்பது டேபிளின் மிகப் பெரிய தொகை அல்ல, அந்த இருநூறில் பெரியது. கூட்டுவதையும் வரிசைப்படுத்துவதையும் க்வெரிக்குள்ளேயே செய்யுங்கள்.

கேட்க வேண்டியது ஒரே ஒரு குறி: 200 என்று காட்டுகிற இடத்தில் "200, இன்னும் இருக்கின்றன" என்று எழுதட்டும். காப்பி செய்யும்போதும் ஒரு முறை சொல்லட்டும்.

"தமிழ் எழுத்து கேள்விக்குறியாக வருகிறது"

நம் ஆட்களுக்கே உரிய தொல்லை. என்ன தெரிகிறது என்பதை வைத்தே நோயைப் பிரித்துவிடலாம்.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் பயமில்லை. டேட்டா நன்றாக இருக்கிறது, கிரிட்டுக்கு வைத்திருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்துருவை மாற்றுங்கள்.

மேலே கோடு போட்ட ஏ போன்ற ஐரோப்பிய எழுத்துகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை வேறு என்கோடிங்காக யாரோ படிக்கிறார்கள். பெரும்பாலும் மீட்டுவிடலாம். சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து எக்செலில் திறந்தால் இது அடிக்கடி வரும். ஏற்றுமதியில் பிஓஎம் (ஃபைல் யூனிகோடு என்று தொடக்கத்திலேயே காட்டும் குறி) சேர்க்கும் விருப்பத்தை இயக்குங்கள். அல்லது எக்செலில் நேராகத் திறக்காமல் டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இப்படி இறக்குமதி செய்யும்போது நீளமான எண்களை எழுத்தாக வைக்கச் சொல்லுங்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்ஜியமாக்கிவிடும், முன்னால் உள்ள பூஜ்ஜியங்களையும் தின்றுவிடும்.

வெறும் கேள்விக்குறிகள் டேபிளுக்குள்ளேயே போயிருந்தால்தான் சோகம். எழுத்து தொலைந்துவிட்டது, மீட்க வழியில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் இதற்கு வழக்கமான காரணம், மேற்கோளுக்கு முன் N என்ற எழுத்தைப் போடாதது. நெடுவரிசை யூனிகோடு எழுத்துக்கான என்வார்சாராகவே இருந்தாலும், அந்த முன்னொட்டு இல்லாத சொல் முதலில் டேட்டாபேஸின் கோட் பேஜுக்கு (அதன் பழைய பாணி எழுத்துப் பட்டியலுக்கு) மாறுகிறது. அங்கே தமிழ் இல்லையென்றால் கேள்விக்குறிதான். எடிட்டரில் தட்டும்போது தமிழ் அழகாகவே தெரியும், அதனால் சந்தேகமே வராது.

ஆரக்கிளில் வேறு மாதிரி. எழுத்து வைக்கும் வார்சார்2 வகை நெடுவரிசைக்கு 10 என்று அளவு கொடுத்தால் இயல்பில் அது 10 பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கு யூனிகோடில் 5 குறிகள், யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. மூன்றெழுத்துச் சொல் பத்துக்குள் அடங்காது என்று எர்ரர் 12899 வரும். அளவைச் சார் (எழுத்து) கணக்கில் கொடுத்து டேபிளை மாற்றுங்கள்.

முன்னொட்டு இல்லாத மேற்கோளுக்குள் தமிழோ வேறு யூனிகோடு எழுத்தோ இருந்தால் எடிட்டரே அடியில் ஒரு நெளிகோடு போடலாம். இந்த யோசனையை நாம் அனுப்பாவிட்டால் வேறு யார் அனுப்புவார்? ஆங்கிலத்தில் மட்டும் டேட்டா வைத்திருப்பவருக்கு இந்த வலி தெரியவே தெரியாது.

"கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கிறது, எர்ரர் வருகிறது"

சாட்டிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டினீர்களா? நேரான மேற்கோள் சுருள் மேற்கோளாக மாறியிருக்கும். சாதாரண இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் உடையாத இடைவெளி ஒளிந்திருக்கும். மேற்கோள்களையும் இடைவெளிகளையும் அழித்துக் கையால் தட்டிப் பாருங்கள். பாதி நேரம் அத்தோடு தீரும். விஎஸ் கோட் 2021-லிருந்து இப்படிப்பட்ட ஏமாற்று எழுத்துகளைக் கட்டம் போட்டுக் காட்டுகிறது. க்வெரி எடிட்டர்களிலும் வேண்டும் என்று கேட்கும்போது இதையே முன்மாதிரியாகச் சுட்டுங்கள்.

மைஎஸ்க்யூஎல் எர்ரரில் 'நியர்' என்பதற்குப் பிறகு மேற்கோளுக்குள் ஒன்றுமே இல்லாவிட்டால், ஸ்டேட்மென்ட் பாதியில் முடிந்துவிட்டது என்று பொருள். மூடாத அடைப்பைத் தேடுங்கள். எஸ்எஸ்எம்எஸ்ஸில் வரி எண் பொருந்தவில்லையா? நடுவில் கோ (GO) என்ற பிரிப்பான் இருந்தால், அது பிரிக்கும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கக்கூடும். எர்ரர் செய்தியை இருமுறை கிளிக் செய்தால் அந்த வரிக்கே கொண்டு விடும். எஸ்க்யூஎல் டெவலப்பரில் திடீரென்று ஒரு மதிப்பைக் கேட்டுப் பெட்டி திறந்தால், உங்கள் எழுத்துக்குள் எங்கோ ஆம்பர்சண்ட் குறி இருக்கிறது; செட் டிஃபைன் ஆஃப் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

"நெடுவரிசைப் பெயரைத் தானாக நிரப்பவில்லை"

இதில் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது. 1974-இல் ஐபிஎம்மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சீக்வெல் என்ற பெயரில் வெளியிட்ட மொழியிலேயே செலக்ட் முதலில், ஃப்ரம் பிறகு. எந்த டேபிள் என்று சொல்வதற்கு முன் எந்த நெடுவரிசை என்று கேட்டால் எடிட்டர் பாவம் என்ன செய்யும்? ஃப்ரம் பகுதியை முதலில் எழுதிவிட்டு மேலே வந்து நெடுவரிசைகளைத் தட்டுங்கள். டக்டிபி போன்ற புதிய டேட்டாபேஸ்கள் ஃப்ரம்மிலிருந்தே தொடங்கி எழுத விடுகின்றன. புதிதாக உருவாக்கிய டேபிள் மட்டும் வரவில்லை என்றால் எடிட்டரிடம் இருப்பது பழைய பட்டியல், எஸ்எஸ்எம்எஸ்ஸில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஆர் அழுத்திப் புதுப்பியுங்கள்.

"கிரிட்டில் மதிப்பை மாற்ற விடவில்லை"

பிரைமரி கீ இல்லாத டேபிளோ, பல டேபிள்களை ஜாயின் செய்து (இணைத்து) வந்த விடையோ ஆக இருக்கும். எந்த வரிசையை மாற்றுவது என்று கருவிக்குத் தெரியாது. பூட்டுப் படம் மட்டும் காட்டாமல் காரணத்தையும் ஒரு வரியில் சொன்னால் போதும்.

"நிறுத்தச் சொன்னேன், நிற்கவில்லை"

எஸ்க்யூஎல் சர்வரில் பெரிய அப்டேட்டை நிறுத்தினால் அதுவரை மாறியதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சில சமயம் ஓடிய நேரத்தைவிட அதிகமாகும். பொறுங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அது மேலே வந்த பிறகும் மீதியைச் செய்தே தீரும். வொர்க்பெஞ்சில் தானாகவே எர்ரர் 2013 வந்து இணைப்பு அறுந்தால், பிரிஃபரன்ஸஸில் ரீட் டைம்அவுட் 30 நொடியாக இருக்கும், கூட்டிக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தாலும் க்வெரி சர்வரில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும், ப்ராசஸ்லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். "நிறுத்துகிறது" என்று சுழன்றுகொண்டே இருக்கும் வட்டத்துக்குப் பதில், சர்வர் ரோல்பேக்கில் இருக்கிறதா, பதிலே இல்லையா என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

"யோசனை அனுப்பினேன், மூடிவிட்டார்கள்"

இதுவும் ஓர் அறிகுறிதான், இதற்கும் காரணங்கள் உண்டு. ஒரே கடிதத்தில் ஏழு கோரிக்கை வைத்தால் ஏழையும் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. அனுப்பும் முன் பழைய கோரிக்கைகளில் தேடுங்கள். ஏற்கெனவே இருந்தால் அதில் உங்கள் அனுபவத்தைச் சேர்ப்பது புதிதாகத் திறப்பதைவிட நன்றாக வேலை செய்யும். டிபீவருக்கும் பிஜிஅட்மினுக்கும் கிட்ஹப்பில் இடம் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் பிழைப் பதிவேட்டில் இத்தகைய கோரிக்கைகளை எஸ்4 என்ற தரத்தில் போட வேண்டும். பதிப்பு எண்ணை எழுத மறக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைக்கிறீர்கள் என்றால், அதில் வாடிக்கையாளர் பெயரோ, சர்வர் முகவரியோ தெரிகிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தீர்வைச் சுமந்துகொண்டு போகாமல் நிகழ்வைச் சொல்வது. "கருவிப்பட்டையில் சிவப்புப் பொத்தான் வையுங்கள்" என்றால், பொத்தான் நல்லதா கெட்டதா என்ற விவாதம்தான் நடக்கும். நிகழ்வைச் சொன்னால் அவர்களே உங்களைவிட நல்ல தீர்வைக் கொண்டு வரக்கூடும். ஜேக்கப் நீல்சன் 1994-இல் தொகுத்த பத்துப் பயன்பாட்டு விதிகளில் முதலாவது, கணினி இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பது பயனருக்குத் தெரிய வேண்டும் என்பது. மேலே சொன்னவற்றில் பலவும் அதற்குள் அடங்கும். வடிவமைப்புத் தெரிந்தவர் படிக்கிறார் என்றால் அந்த விதியைக் குறிப்பிடுவது நம் பேச்சுக்குக் கொஞ்சம் எடை சேர்க்கும்.

முதல் அறிகுறிக்கு நான் கடைசியில் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்:

"நாலு வரி அப்டேட்டில் மூன்று வரியைத் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். வேர் நாலாவது வரியில் இருந்தது. எச்சரிக்கை இல்லாமல் எல்லா வரிசையும் மாறியது. ஒரு வரிசை மட்டும் மாறும் என்று எதிர்பார்த்தேன். மறுபடி நிகழ்த்த: இரண்டு நெடுவரிசை உள்ள ஏதாவது ஒரு டேபிள் போதும், ஸ்கிரிப்ட் கீழே. தேர்வுக்குப் பிறகு அதே ஸ்டேட்மென்ட் தொடர்கிறது என்பது எடிட்டருக்குத் தெரியும், ஏனென்றால் வேர் என்ற சொல்லுக்கு அது ஏற்கெனவே நிறம் கொடுக்கிறது. அதைப் பயனருக்கும் தெரிவிக்க முடியுமா?"